மினாமோவுக்குப் பொருத்தம் இல்லை

எங்கள் கடையில் 'பழுது' என்ற சொல்லுக்கு இடமில்லை. 'தப்பு' என்ற சொல்லுக்கும் இல்லை. வாங்கிப் போன ரேம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை என்று யாராவது திரும்பி வந்தால், ரேமைச் செய்தவர் மேல் குற்றம் சொல்லக் கூடாது, மதர்போர்டைச் செய்தவர் மேலும் கூடாது, வாங்கியவர் மேல் சொல்லவே கூடாது. அந்த ரேமை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, துக்க வீட்டு முகத்தோடு, "பொருத்தம் அமையல போலிருக்குங்க" என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளையும் தங்கம், பெண்ணும் தங்கம், ரத்தப் பிரிவுதான் ஒத்துவரவில்லை என்கிற மாதிரி.

அகிஹபாரா கம்ப்யூட்டர் கடைத்தெருவில் எந்தக் கடையில் ஏறினாலும் இதே கதைதான். ஐந்நூறு யென் கூடக் கொடுத்தால் பொருத்தச் சீட்டு ஒன்று தருவோம். இரண்டு வாரத்துக்குள் வந்து பொருத்தம் இல்லை என்று சொன்னால் போதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் வேறு கம்பெனி ரேம் மாற்றிக் கொடுத்துவிடுவோம். திரும்பி வந்ததைப் படிக்கட்டு ஓரத்தில் இருக்கும் கழிசல் கூடையில் எண்ணூறு யென் என்று எழுதிப் போடுவோம். துணிந்தவர் எடுத்துக்கொள்ளலாம். புகாரோடு மட்டும் வரக் கூடாது.

என் பெயர் நெகிஷி. மூன்றாவது மாடியில் ஒன்பது வருஷமாக ரேம் விற்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பேராவது என் முன்னால் வந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

"எந்த ரேமுங்க நம்பி வாங்கலாம்?"

ரேம் வாங்க வருகிறவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி ஓட்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராத ஜாதி. மனைவியிடம் சொல்லாமல் வாங்கி, ரேமைச் சட்டைப் பைக்குள்ளும் அட்டைப் பெட்டியை ஸ்டேஷன் குப்பைத் தொட்டிக்குள்ளும் போட்டுவிட்டு வீடு போகிறவர்கள். இவர்களிடம் என் சொந்தக் கருத்தைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க நான் என்ன பைத்தியமா? கவுண்டரில் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டுவேன்.

"அசஹினா சென்செய் பட்டியல் இருக்குங்களே, பாத்தீங்களா?"

அதோடு பேச்சு முடிந்தது. சென்செய் என்றால் ஆசான்; அசஹினா சென்செய் என்றால் எங்கள் தெருவில் அப்படி. ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, எந்தக் காலத்திலும் சாம்பல் நிறக் கோட்டு. உவேனோவில் ஒரு அருங்காட்சியகத்தில், உடைந்த பழைய தேநீர்க் கிண்ணங்களை ஒட்ட வைக்கிற வேலை. ரேம் அவருடைய பொழுதுபோக்கு. ஒவ்வொரு கம்பெனி ரேமையும் சொந்தக் காசில் வாங்கிச் சோதித்து, மாதம் முதல் தேதி தன் இணையப் பக்கத்தில் பட்டியல் போடுவார். மிக நல்லது என்றால் இரட்டை வட்டம், நல்லது என்றால் ஒற்றை வட்டம், சுமார் என்றால் முக்கோணம், ஆகாது என்றால் பெருக்கல் குறி. பதினோரு வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஒரு கம்பெனியிடமும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டுக்கூட வாங்கியதில்லை. அவர் பெருக்கல் குறி போட்டால் அந்த ரேமை எங்கள் கடையில் தூசிகூடத் தொடாது.

மினாமோ ரேமுக்கு வருஷத்துக்கு ஒன்றாகத் தொடர்ந்து மூன்று தடவை பெருக்கல் குறி.

மினாமோ என்பது கண்டாவில் ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற கம்பெனி. மொத்தம் ஏழு பேர். அதில் விற்பனை, விளம்பரம், மன்னிப்புக் கேட்பது மூன்றும் குசுமி என்ற பெண்மணியின் பொறுப்பு; மரியாதையாகக் குசுமி சான். முப்பத்தைந்து வயதிருக்கும். செவ்வாய்க்கிழமை தோறும் தோளில் பையோடு மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே இடுப்பு வரை குனிந்து வணங்குவார். மூன்றாவது பெருக்கல் குறி விழுந்த வாரம் ஒரு பெரிய பலகாரப் பெட்டியோடு வந்தார்.

"எங்க ரேமால உங்களுக்குத் தொந்தரவுங்க, நெகிஷி சான்."

"ஐயோ, எனக்கு என்னங்க தொந்தரவு. இது எதுக்கு?"

"இது உங்களுக்கு இல்லீங்க. மதர்போர்டு கம்பெனிக்காரங்க போன வாரம் எங்க ஆபீசுக்கு வந்து, எங்க போர்டு உங்க ரேமோட ஒத்துப் போகலையே, மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு பெட்டி குடுத்துட்டுப் போனாங்க. பதிலுக்கு நாங்க மன்னிப்புக் கேக்கணும் இல்லையா? அவங்க ஆள் இன்னைக்கு இங்க வருவார்னு சொன்னாங்க. அவங்க குடுத்ததைவிடக் கொஞ்சம் பெரிசா வாங்கியிருக்கேன்."

அந்த ஆள் வரவில்லை. பெட்டியை நாங்கள் தின்றோம். உள்ளே இனிப்புப் பயறு வைத்தது, நன்றாக இருந்தது.

"ரெண்டு வருஷமா எங்க இன்ஜினியர் வீட்டுக்கே சரியாப் போகலீங்க" என்றார் குசுமி சான். "எங்கே குறைன்னு கண்டுபிடிக்கவே முடியல. மத்தவங்களைவிட முனையில தங்கம் கொஞ்சம் கனமாத்தான் போடுறோம். பலகையும் கொஞ்சம் தடிமன். ஸ்லாட்டுல இறுக்கமா உக்காரணும், பத்து வருஷமானாலும் தளரக் கூடாதுன்னு. எங்க ஆபீஸ்ல ஓடுது. சென்செய் வீட்ல மட்டும் ஓடமாட்டேங்குது." பிறகு திடீரென்று கேட்டார். "நெகிஷி சான், உங்க வீட்ல என்ன ரேம் போட்டிருக்கீங்க?"

"வீட்லயா? நானெல்லாம் வீட்ல கம்ப்யூட்டர் பக்கமே போறதில்லீங்க" என்றேன்.

அது பொய். வாசகரிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் வீட்டில் நான்கு ரேம் ஓடுகிறது. நான்கும் மினாமோ. நான்கையும் கழிசல் கூடையிலிருந்து நானே எடுத்தேன், எண்ணூறு எண்ணூறாக. ஒவ்வொன்றிலும் 'பொருத்தம் இல்லை' என்று ஓவியம் மாதிரி எழுதி அசஹினா சென்செய் ஒட்டிய சீட்டு இருந்தது. இரண்டு வருஷமாக ஒரு தடவை கூட அவை மக்கர் பண்ணியதில்லை. என் அதிர்ஷ்டம், என் போர்டுக்கும் இதற்கும் பொருத்தம் அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். குப்பையில் மாணிக்கம் கிடைத்தவன் ஊரைக் கூட்டிச் சொல்வானா?

அன்று மாலை மேனேஜர் தோபிதா என்னைக் கூப்பிட்டார். உருண்டை மனிதர், எந்தக் கெட்ட செய்தியையும் கால்குலேட்டரைத் துடைத்துக்கொண்டே சொல்வார்.

"சனிக்கிழமை கடை வாசல்ல சென்செய் நிகழ்ச்சி வெச்சிருக்கோம்ல. அவரே மினாமோவுக்கு இன்னொரு வாய்ப்பு குடுக்கணும்னு ஆசைப்படறார். எல்லார் முன்னாடியும் மாட்டிக் காட்டப் போறார். ஓடுச்சுன்னா சரி. ஓடலன்னா திங்கட்கிழமை அலமாரியை காலி பண்ணிடு. அந்த இடத்துல மவுஸ் பேடு வெச்சாலும் நாலு காசு பாக்கலாம்."

"மேனேஜர், அவங்க சரக்குல பாதிக்கு மேல நம்ம கடைலதான் விக்குது. நாம எடுத்துட்டா அவங்க கதி?"

"எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? என்ன பண்றது. பொருத்தம் இல்ல."

குசுமி சானிடம் இதைச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. தெருவில், சூடான ஓதென் குழம்பு டப்பா விற்கும் தானியங்கிப் பெட்டியின் அருகே நின்று சொன்னேன். டப்பாவிலிருந்த முள்ளங்கித் துண்டைக் குச்சியில் குத்தியபடியே கேட்டார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் இருக்குல்ல" என்றார். பிறகு, "முட்டையை நீங்க சாப்பிடுறீங்களா? எனக்குத் தொண்டையில இறங்கல" என்றார். நான் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை அசஹினா சென்செய் கடைக்கு வந்து, நிகழ்ச்சிக்கான சாமான்களை எடுத்து வர ஒரு கை உதவி வேண்டும் என்றார். நெசுவில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு கோப்பை டீயைக் கொடுத்து உள்ளே கூட்டிப் போனார். அகிஹபாராவில் யாரும் பார்த்திராத அவருடைய சோதனை அறையை அன்று பார்த்தேன்.

ஆறு பாய் விரிக்கிற அளவு அறை. சுவர் முழுக்க சின்னச் சின்ன மரப்பெட்டிகள், விலையுயர்ந்த தேநீர்க் கிண்ணங்களை வைப்பார்களே அந்த மாதிரி. ஒவ்வொன்றிலும் பட்டுத் துணிக்கு நடுவில் ஒரு ரேம். எங்கள் கடையில் நாங்கள் அவற்றை ரப்பர் பேண்டு போட்டு அடுக்குவதை எண்ணிக் கூசிப்போனேன். நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் மெத்தை, மெத்தையின் மேல் மதர்போர்டு.

"ஒரு தடவை ஒத்திகை பாத்துடலாமா?" என்றார் சென்செய். வெள்ளைக் கையுறை மாட்டினார். மினாமோவை எடுத்தார். அதற்கு ஒரு வணக்கம் வைத்தார். பிறகு இரண்டு விரலால் அதை ஏந்தி, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல ஸ்லாட்டின் மேல் இறக்கினார். அது கொஞ்சம் உள்ளே போயிற்று. அங்கேயே நின்றது. விரலை எடுத்துவிட்டார்.

நான் காத்திருந்தேன். அவர் அழுத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"உக்காந்துடுச்சு" என்றார்.

உட்காரவில்லை! ஸ்லாட்டின் இரு பக்கமும் இருக்கும் வெள்ளைக் கொக்கிகள் நாக்கைத் தொங்கப் போட்ட நாய்கள் மாதிரி வெளியே சாய்ந்து கிடந்தன. ரேமை அழுத்தினால் அவை நிமிர்ந்து, டக் என்று இரு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல்முறை உதிரிகளைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டுகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். சென்செய் சுவிட்சைப் போட்டார். போர்டு பீப் பீப் என்று அலறியது.

"கேட்டீங்களா?" என்றார் உண்மையான சோகத்தோடு. "நல்ல ரேம்தான். இந்த போர்டோட அதுக்கு மனசு ஒட்டல."

அடுத்து வேறு கம்பெனி ரேம் ஒன்றை எடுத்தார். அது பலகை மெல்லியது, முனை வழுக்கலானது. அதே பூப்போன்ற கையால் விட்டதும் வழுக்கிக்கொண்டு முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. கொக்கிகள் அரைகுறையாய் நிமிர்ந்தன. கம்ப்யூட்டர் ஓடியது. "ஒற்றை வட்டம்" என்றார் சென்செய்.

பதினோரு வருஷப் பட்டியல். எத்தனை கம்பெனி, எத்தனை பெருக்கல் குறி, எத்தனை பலகாரப் பெட்டி. கனமாகத் தங்கம் போட்டு, பத்து வருஷத்துக்குத் தளராமல் செய்தவர்கள் எல்லாம் தோற்றுப்போனார்கள். தொளதொளவென்று செய்தவர்களுக்கு வட்டம்.

"சென்செய்..." என்றேன்.

"சொல்லுங்க."

அவர் கையுறையை விரல் விரலாகக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவ்வளவு நேர்மையான முகம்.

"டீ நல்லா இருக்குங்க" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். என் வீட்டு நான்கு ரேமையும் நினைத்துக்கொண்டேன். அவற்றுக்கு என் போர்டோடு ஒரு விசேஷப் பொருத்தமும் இல்லை. நான் கட்டைவிரலால் அழுத்தியிருந்தேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை முழுக்க முயற்சி செய்தேன். முதலில் மேனேஜரிடம் சொன்னேன். அவர் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

"வாடிக்கையாளர் தப்புன்னு சொல்லப் போறியா? அதுவும் சென்செய் தப்புன்னு? அந்த மாதிரி பேச்சு வரக் கூடாதுன்னுதானேப்பா பொருத்தம்னு ஒரு வார்த்தையையே வெச்சிருக்கோம்!"

பிறகு ஒரு பெரிய அட்டையில் 'டக் என்று சத்தம் வரும்வரை அழுத்தவும்' என்று எழுதிக் கவுண்டரில் தொங்கவிட்டு, கையெழுத்துப் போட வேண்டும் என்று சாக்குச் சொல்லி சென்செய்யை மாலையில் வரவழைத்தேன். அட்டையை நின்று படித்தார். "புதுசா வர்றவங்களுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும்" என்று பாராட்டினார். அவர் கண்ணெதிரில் ஒரு ரேமை எடுத்து போர்டில் டக்கென்று மாட்டியும் காட்டினேன். யாரோ அவரையே அடித்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியாக நேராகவே நெருங்கினேன். "சென்செய், நாளைக்கு மினாமோவைக் கொஞ்சம்... கொஞ்சமே கொஞ்சம்... அழுத்தமா வெச்சுப் பாக்கலாமே."

அவர் சிரித்தார். "நெகிஷி சான், நல்ல பொருளை அழுத்தக் கூடாது. பொருத்தம் இருந்தா அதுவா உக்காரும். அழுத்தினா உடையும்."

இந்தப் பூனைக்கு மணி கட்ட இனி ஒரே ஆள்தான் பாக்கி. குசுமி சானுக்கு போன் செய்து விஷயத்தை உடைத்தேன்.

"அப்போ எங்க ரேம்ல குறையே இல்லையா?" என்றார்.

"ஒரு மண்ணும் இல்லீங்க. நாளைக்கு நீங்களே மேடையில சொல்லிடுங்க."

"ஐயோ, முடியாதுங்க. பதினோரு வருஷமா ஊருக்கே சொல்லிக் குடுத்த மனுஷரை, நாலு பேர் முன்னாடி, உங்களுக்கு ரேம் மாட்டத் தெரியலைன்னு எப்படிங்க சொல்றது? எங்க கம்பெனி மூடினாலும் பரவாயில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல, பரவாயில்லன்னு சொல்ல முடியாது. எங்க இன்ஜினியருக்கு ரெட்டைக் குழந்தை. ஆனா சொல்லவும் முடியாதுங்க."

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம், வேணாம். நீங்க எதுக்கு வீணா?"

வீணா! என் வீட்டு நான்கு ரேமைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். சரிங்க என்று போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கடை வாசலில் அறுபது பேர். எல்லாரும் ரேம் பைத்தியங்கள். பாதிப் பேர் கையில் கேமரா. பின்வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று மேனேஜர் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தார். சென்செய்யின் கைக்கு மேலே ஒரு கேமராவை மாட்டி, படத்தைப் பெரிய டிவியில் விட்டிருந்தார். குசுமி சான் ஓரத்தில், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, கருநீலக் கோட்டில் நின்றார்.

சென்செய் கையுறை மாட்டினார். மினாமோவுக்கு வணக்கம் வைத்தார். இரண்டு விரலால் இறக்கினார். நின்றது. விரலை எடுத்தார்.

டிவியில் இரண்டு வெள்ளைக் கொக்கிகளும் ஆளுயரத்துக்கு வாயைப் பிளந்து கிடந்தன.

அறுபது பேரும் பார்த்தார்கள். அறுபது பேருக்கும் புரிந்தது. பல்லிடுக்கில் மூச்சை இழுக்கும் 'ஸ்ஸ்' சத்தம் கூட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று. அதன் பிறகு என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒருவர் தன் ஷூவைப் பார்த்தார். ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் கேமராவின் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். தெருவில் காபிக்கடை நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கூடக் கையை இறக்கிவிட்டாள். வாயைத் திறந்தவர் ஒருவரும் இல்லை.

சென்செய் சுவிட்சைப் போட்டார். பீப். பீப். பீப்.

"மினாமோவுக்கு இன்னொரு தடவை வாய்ப்பு குடுக்கணும்னு ஆசைப்பட்டேன்" என்றார் மைக்கில். "வருத்தமா இருக்கு. மினாமோவுக்குப் பொருத்தம் இல்லை."

குசுமி சான் முன்னால் வந்தார். குனிந்தார். செவ்வாய்க்கிழமை தோறும் நான் பார்க்கிற வணக்கம் இல்லை அது. தலை முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தார், நிமிரவே இல்லை. ஒரு குற்றமும் செய்யாத மனுஷி, ஒரு குற்றமும் இல்லாத பொருளுக்காக, அறுபது சாட்சிகளின் முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். கூடையிலிருந்து திருட்டுத்தனமாய் நாலு எடுத்தவன் நிமிர்ந்து நிற்கிறேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நெகிஷி, வேணாம்ப்பா" என்று மேனேஜர் என் சட்டையைப் பிடித்தார். சட்டை அவர் கையோடு கொஞ்சம் போயிற்று. நான் மேடை ஏறி, சென்செய்யை ஒரு ஓரமாய் நகர்த்தி, இரண்டு கட்டைவிரலையும் மினாமோவின் தலையில் வைத்து அழுத்தினேன்.

டக். டக்.

அந்தச் சத்தம் மைக்கில் விழுந்து தெருமுனை வரை கேட்டது. சென்செய் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் சுவிட்சைப் போட்டேன். போர்டு ஒரே ஒரு சின்ன பீப் சொன்னது. டிவியின் பக்கத்தில் இருந்த திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. ரேமின் அளவு, வேகம், எல்லாம் வரிசையாக.

ஒருவரும் கைதட்டவில்லை. கைதட்டினால் யாரைக் குத்திக்காட்டியது மாதிரி ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். என் கோபம் அந்த நொடியே வடிந்துவிட்டது. செத்தேன் என்று நினைத்தேன்.

சென்செய் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். திரையைப் பார்த்தார். குனிந்து ரேமைப் பார்த்தார். இரு பக்கமும் நிமிர்ந்து நின்ற கொக்கிகளை விரல் நுனியால் தொட்டார்.

"நெகிஷி சான்" என்றார். மைக் இன்னும் அவர் கையில் இருந்தது. "அந்தச் சத்தம் வரணுமா?"

"வரணுங்க, சென்செய்."

"எப்பவுமா?"

"எப்பவுமேங்க."

"நான் அது உடையற சத்தம்னு நெனச்சேன்" என்றார். "முப்பது வருஷமா வேலையில அந்த மாதிரி சத்தம் கேட்டா, ஒரு கிண்ணம் போச்சுன்னு அர்த்தம். அதனால ஒவ்வொரு தடவையும், சத்தம் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுவேன்."

அவர் முகம் காதுவரை சிவந்துவிட்டது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தேன்.

அப்போது முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். தொப்பி போட்ட, தடித்த ஆள். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டர் பூட்டுகிறவர்.

"நானும் அப்படித்தாங்க நெனச்சிருந்தேன்" என்றார்.

"நானுந்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அது டக்குனு வந்தா எனக்கு உசுரே போயிடும்ங்க."

பத்து, இருபது, முப்பது கைகள். கடைசியில் மேனேஜர் தோபிதாவும் கையைத் தூக்கிவிட்டார். இருபத்தைந்து வருஷமாகக் கடை நடத்துகிற ஆள்! கூட்டத்தில் யார் நிஜமாகச் சொன்னார்கள், யார் அந்த மனிதரின் மானத்தைக் காப்பாற்றச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சென்செய் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். குசுமி சானுக்கு நேராகத் திரும்பி, அவர் குனிந்ததைவிட ஒரு கை ஆழமாகக் குனிந்தார்.

அன்று மாலையே அவருடைய பட்டியல் முழுவதும் இணையத்திலிருந்து காணாமல் போயிற்று. அந்த இடத்தில் இரண்டே வரி இருந்தது. 'பதினோரு வருஷமாக இங்கே சோதிக்கப்பட்டது ரேம் அல்ல, என் விரல். விரலுக்கு மதிப்பீடு: பெருக்கல் குறி.' கீழே, எல்லா ரேமையும் முதலிலிருந்து மறுபடி சோதிப்பதாகவும், முதல் முடிவு மினாமோ என்றும் போட்டிருந்தார். ஒற்றை வட்டம். இரட்டை வட்டம் ஏன் இல்லை என்றால், கட்டைவிரல் வலிக்கிறதாம். மனிதர் நேர்மையை விடவில்லை.

திங்கட்கிழமை மினாமோவின் அலமாரியை நான் காலி செய்யவில்லை, வாடிக்கையாளர்கள் காலி செய்தார்கள். மேனேஜர் சந்தோஷப்பட்டார் என்று நினைக்காதீர்கள். பொருத்தச் சீட்டு ஒன்றுகூட விற்கவில்லை. "டக், டக்னு நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி அழுத்திட்டியே, உருப்படுவியா?" என்று கால்குலேட்டரைத் துடைத்தபடியே என்னைக் கரித்துக் கொட்டினார்.

செவ்வாய்க்கிழமை குசுமி சான் வந்தார். தோளில் பை, கையில் பலகாரப் பெட்டி.

"இது சென்செய்க்கு. எங்க ரேம் அவருக்கு ரொம்ப இறுக்கமா இருந்ததுக்கு மன்னிப்பு" என்றார். "நேத்தே அவர் எங்க ஆபீசுக்கு ஒரு பெட்டி எடுத்துட்டு வந்துட்டார். இது அதைவிடப் பெரிசு." பிறகு எனக்கு நேராக நின்று, குனியத் தயாரானார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க, நெகிஷி சான். எங்க ரேம் மேல நம்பிக்கை வெச்சது நீங்க ஒருத்தர்தான்."

"குனியாதீங்க" என்றேன்.

"ஏங்க?"

"என் வீட்ல உங்க ரேம் நாலு ஓடுது. கழிசல் கூடையில எடுத்தது. எண்ணூறு யென்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். "அடடே. நல்லா ஓடுதா?"

"ஒரு தடவைகூட நின்னதில்ல."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

சிரிப்பு பாதியில் நின்றது. கவுண்டரில் ஒட்டியிருந்த பழைய பட்டியலைப் பார்த்தார், பெருக்கல் குறிகளோடு இன்னும் அங்கேயே இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு நான் விரல் நீட்டிக் காட்டிய பட்டியல். இரண்டு வருஷம். அவர் மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"உங்க வீட்ல என்ன ரேம்னு அன்னைக்குக் கேட்டேனே" என்றார்.

"கேட்டீங்க."

அவர் குனியவில்லை. எல்லாருக்கும் குனிகிற மனுஷி, செய்யாத தப்புக்கும் குனிகிற மனுஷி, எனக்கு முன்னால் நேராக நின்றார். அதற்குப் பதில் அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நான்தான் குனிந்தேன். ஒன்பது வருஷ வேலையில் அப்படி ஒரு வணக்கம் நான் யாருக்கும் வைத்ததில்லை.

நிமிரும்போது ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றிருந்தார், கண்ணாடி போட்ட கல்லூரி மாணவர்.

"எந்த ரேமுங்க நம்பி வாங்கலாம்?"

பழக்க தோஷம், விரல் தானாகப் பட்டியலை நோக்கிப் போயிற்று. குசுமி சான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை மடக்கினேன். ஒட்டியிருந்த தாளைக் கிழித்து எடுத்தேன்.

"என் வீட்ல மினாமோதாங்க போட்டிருக்கேன்" என்றேன்.

மாணவர் காலையில் வந்த புதுச் சரக்கிலிருந்து இரண்டு எடுத்து வைத்தார். "பொருத்தச் சீட்டும் வேணுமாங்க?"

மேனேஜர் தொலைவிலிருந்து பலமாக இருமினார்.

"வேணாங்க" என்றேன். "கட்டைவிரல் இருக்குல்ல?"